வியாழக்கிழமைக் கதாநாயகி

பற்றவைத்த கம்பியை மங்கையர்க்கரசி நகத்தால் ஒருமுறை இழுத்துப் பார்க்கிறாள். கையோடு வந்துவிட்டால், "இது ஒட்டல, சும்மா நடிக்குது" என்று மறுபடி சூடு வைக்கிறாள். ஈயப் புகை கண்ணில் ஏறாமலிருக்கத் தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொள்வாள். அந்தச் சாய்வை ஹைதராபாத் அறியும். சென்ற மாதம் வரை வியாழன்தோறும் தெலுங்குத் தொடரில் கதாநாயகி அப்படித்தான் வில்லனைப் பார்த்தாள். காதல் பார்வை என்று ஊரில் பாதிப்பேர் உருகினார்கள். தொலைக்காட்சிப் பெட்டி செய்யும் அரசுத் தொழிற்சாலையில் புகைக்குப் பழகிய கழுத்து அது.

அப்பா உலகநாதன் ரயில்வே பட்டறையில் பிட்டர். சோளிங்கர்ப் பக்கத்திலிருந்து ஹைதராபாத் வந்த குடும்பம். தொழிற்சாலை ஆண்டுவிழா நாடகத்தில் பார்த்து ஒரு டைரக்டர் இவளைத் தொடரில் நடிக்கக் கூட்டிப்போனார். முகம் பொருந்தியது. தெலுங்கில் மட்டும் சோளிங்கர் வாடை அடித்ததாம்; அதனால் வசனத்தை வேறொரு பெண் பேசினாள். "மூஞ்சி என்னுது, வாய் வாடகை சார்" என்பாள்.

கதை இதுதான். பணக்காரன் ஒருவன் ஏழைப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்ப் பங்களாவில் பூட்டுகிறான். மிரட்டுகிறான், கையை முறுக்குகிறான், நள்ளிரவில் அவளுக்காக அழவும் செய்கிறான். பெண் மெல்ல மெல்ல மனம் மாறவேண்டும். பெண்ணைக் கடத்தியவனுக்குச் சிறை என்கிறது சட்டம். எண்பத்தேழாம் ஆண்டிலும் கதைகள் அவனுக்கு மாலையும் எடுத்துக் கொடுத்து மணமேடையில் உட்காரவைக்கின்றன. பஸ்ஸில் பெண்கள் மங்கையர்க்கரசியைச் சூழ்ந்துகொண்டு, பாவம் அவன், எப்போது இறங்கி வருவாய் என்று கேட்பார்களாம்.

வில்லனாக நடித்தவர் நிஜத்தில் பாங்க் குமாஸ்தா. ஒவ்வொரு முறையும் கையை முறுக்கி முடித்ததும் "சாரி அண்டி" என்று தெலுங்கு மரியாதையோடு மன்னிப்புக் கேட்பார். காமிரா ஓடும்போது மட்டும் வேறு ஆள். அதுதான் இவளை அலைக்கழித்தது.

"கிட்ட வந்து குரலைத் தாழ்த்திப் பேசுவாரு. நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கும். அது வெறும் பயம்தான்னு சொன்னா பொய், சார்" என்றாள் என்னிடம், தொழிற்சாலைக் காண்டீனில். டீ ஆறிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் வெட்கமாக இருக்குமாம். பிறகு கோபம் வருமாம், யார்மீது என்று தெரியாமல். அதை ஒரு வழியாகத் தெளிந்துகொண்டுவிட்டாள். "எனக்கு ஆசை வந்தா அது என் விஷயம். அதைச் சாக்கு வெச்சி, அவன் பூட்டுனது நியாயம்னு எழுதுவாங்களா?"

அடுத்த முக்காலியில் வேலை செய்பவள் அன்னக்கிளி. அவள் தெருக்காரன் ஒருவன் பஸ் ஸ்டாப்பில் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றப் பார்த்தான். தெருவே பார்த்தது. பெயர் கெட்டுவிட்டது, அவனுக்கே கட்டிவைத்துவிடலாம் என்று உறவு முழுக்கச் சொல்லிற்று. குற்றம் செய்தவன் பெயர் மட்டும் எப்படியோ கெடுவதேயில்லை. அம்மாவுக்குத்தான் மனம் வரவில்லை.

"அக்கா, கடைசில நீ என்னா பண்ணப்போற? எங்கம்மா அதைப் பாத்துட்டுதான் முடிவு சொல்லும்னு குந்தினுருக்குது" என்றாள் அன்னக்கிளி.

மங்கையர்க்கரசிக்குக் கம்பி விரலைச் சுட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போலாரத்துப் பழைய பங்களாவில் படப்பிடிப்பு. வில்லன் பலவந்தமாகத் தாலி கட்டுவான். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழவேண்டும். மாட்டேன் என்றாள். மனம் மாறாவிட்டால் கதையே இல்லை, வேறு பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்றார் டைரக்டர். அப்புறம் குழைந்தார்: "நீ கையை மட்டும் தூக்கும்மா. மிச்சத்தைக் குரல் பாத்துக்கும்."

தாலி முதலான படப்பிடிப்புச் சாமான்களுக்குப் பொறுப்பான சூசைராஜ் அவள் காலனிக்காரர். முடிச்சுப் போடாமல் மாட்டும்படி கொக்கி வைத்த தாலிக் கயிற்றை நீட்டினார். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு மூன்று முடிச்சும் விழக்கூடாது என்று அவருக்கு நடுக்கம்.

"மாதா கோயிலுக்குப் போறவரு நீங்க, உங்களுக்கு ஏன்ணே இந்த பயம்? கொக்கி நக்கோ, வேணவே வேணாம். மூணும் போடட்டும். அவுக்க எனக்கு விரல் இருக்குது."

காமிரா ஓடியது. மூன்று முடிச்சும் விழுந்தன. தாலியை எடுத்துக் கண் உயரத்துக்குத் தூக்கினாள். தலை இடப்பக்கம் சாய்ந்தது. டைரக்டர் மூச்சு விட்டார். கை கண்ணில் நிற்கவில்லை, பிடரிக்குப் போயிற்று. அவசரமே இல்லாமல் மூன்றையும் அவிழ்த்துக் கயிற்றை அவனிடம் நீட்டினாள். திகைத்துப்போன வில்லன் இரு கையாலும் வாங்கிக்கொண்டு, பழக்க தோஷத்தில் சொன்னான்:

"சாரி அண்டி."

டைரக்டர் கத்தினார், அடுத்த வாரமே உன்னை லாரியில் அடித்துப்போடுகிறேன் பார் என்றார். பங்களா வாடகை அன்றோடு முடிந்ததால் மறுபடி எடுக்க வழியில்லை. வியாழனன்று அது அப்படியே வெளியாயிற்று. மன்னிப்பு உட்பட. சொன்னபடி மறுவாரம் தொடரில் லாரியும் வந்தது. "பூட்டுனவன் தப்பிச்சிட்டான், லாரி எம்மேல ஏறிச்சி" என்று இப்போதும் சிரிக்கிறாள். நடிக்க வேறு யாரும் கூப்பிடவில்லை.

முடிச்சு அவிழ்ந்த அந்த வியாழனுக்கு மறுநாள் காலை அன்னக்கிளி வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். அம்மா என்ன சொன்னாள் என்று மங்கையர்க்கரசி கேட்கவில்லை. அன்னக்கிளியே சொன்னாள்:

"ஒண்ணும் சொல்லலக்கா. டிவியை அணைச்சிட்டு, காலைல வேலைக்கு எடுத்துனு போன்னு என் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வெச்சிது."

மங்கையர்க்கரசி தலையைச் சாய்த்து, அன்னக்கிளி அன்று பற்றவைத்த முதல் கம்பியை நகத்தால் இழுத்துப் பார்த்தாள். பிறகு இன்னும் பலமாக இழுத்தாள். அது வரவில்லை.