அவசரத்தின் கையில் ஒரு சூளை

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி அவன் பெயர் அவசரம்தான். கூப்பிட ஆரம்பித்ததுமே திரும்பிவிடுவான் என்பதால், அதையும் ‘அவ’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

டீயைக் கொதிக்கும் முன்பே இறக்கிவிடுவான். நாக்கைச் சுட்டுக்கொண்ட பிறகு ஊதுவான். சட்டைப் பொத்தான்களைத் தெருவில் நடந்துகொண்டே போடுவான். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவான். அந்தப் பதில் பெரும்பாலும் வேறு ஏதோ கேள்விக்குப் பொருந்தும். தலையில் ஒரு பக்கம் வெட்டி முடித்ததும் “போதும்பா, மிச்சம் அப்புறம்” என்று எழுந்து போனவனை முடிவெட்டும் கடைக்காரர் துரத்திக்கொண்டு ஓடிய கதை நிஜமாகவே நடந்தது.

இப்படிப்பட்டவனிடம் போய் ஆமை வேகத்தில் நகரும் ஒரு தொழில் மாட்டியது. கரி சுடும் தொழில்.

மாட்டிவிட்டது அக்காதான். அதற்கு முன்னால் சைக்கிள் கடை வைத்திருந்தான். பஞ்சர் ஒட்டிய பசை காய்வதற்குள் காற்றடிப்பான். வாங்கிப் போனவர் தெருமுனை தாண்டாமலே உருட்டிக்கொண்டு திரும்பி வருவார். அந்தக் கடை மூடிய சமயத்தில்தான் அத்தானுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு, சூளைக்குள் குனிந்து விறகு அடுக்க முடியாமல் போனது. அக்கா தம்பிக்கு ஆள் அனுப்பினாள்.

வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். கரி தம்பிக்கு, புகை அக்காவுக்கு. கேட்பவர்கள் ஏதோ கேலி என்று நினைப்பார்கள். உண்மையில் புகையில்தான் வரும்படி அதிகம். சூளையின் புகைக்கூண்டிலிருந்து சாய்வாக இறங்கும் நீண்ட குழாயில் புகை குளிர்ந்து, சொட்டுச் சொட்டாகக் கேனில் இறங்கும். அந்தப் புளித்த வாடைத் தண்ணீரை மாதக்கணக்கில் ஆடாமல் அசையாமல் வைத்திருந்தால் எண்ணெய் மேலே மிதக்கும், தார் அடியில் தங்கும். நடுவில் டீ நிறத்தில் தெளிந்து நிற்பதுதான் மரவினிகர். அதில் துளியை எடுத்து வாளித் தண்ணீரில் கலந்து செடிகளுக்குத் தெளிப்பார்கள். கலக்கப் பொறுமையில்லாத அவசரம் ஒருநாள் அதை அப்படியே அக்காவின் ரோஜாச் செடிக்கு ஊற்றினான். செடி அன்றைக்கே தலையைத் தொங்கப் போட்டது.

கரியில் அவனுக்கு ஒரு சாமர்த்தியம் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். விறகு வேக வேக, புகை வெள்ளையிலிருந்து மஞ்சளாகும். முடிவில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி நீலமாக மெலியும். அந்தக் கணமே எல்லாத் துவாரங்களையும் களிமண்ணால் அடைத்துவிட வேண்டும். அந்த நீலத்தை அவனைப்போல முந்திப் பிடிக்க ஆள் கிடையாது. “கண்ணுன்னா இவன் கண்ணு” என்று அத்தானே சொல்லியிருக்கிறார். யாரும் தன்னைக் கெட்டிக்காரன் என்று சொல்லி அவன் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

தொல்லை எல்லாம் மூடிய பிறகுதான். சூளை தானாக ஆறும்வரை சும்மா இருக்க வேண்டும். சூடு அடங்குமுன் திறந்தால் காற்று உள்ளே புகுந்து மொத்தக் கரியும் பற்றிக்கொள்ளும். அவன் இரண்டு முறை திறந்தான். இரண்டு முறையும் சாம்பல்தான் அள்ளினான். இரண்டாவது முறை அக்கா திட்டக்கூட இல்லை. “இன்னொரு தடவை சாம்பலாச்சுன்னா சூளை என் கைக்கு வந்துரும். நீ காலிக் கேன் கழுவிக்கிட்டு இரு” என்று சொன்னதோடு சரி. அவள் சொன்னால் செய்கிறவள்.

அப்படியிருக்க, சூளை மூடி ஆறிக்கொண்டிருந்த ஒரு காலையில், வழக்கமாகக் கரி வாங்கும் ஓட்டல்காரர் போன் செய்தார். மறுநாள் புதுக் கிளை திறப்பாம். கரி இன்றைக்கே வேண்டுமாம். வண்டியோடு மத்தியானம் வருவாராம். “பார்க்கலாம், வாங்க” என்று அவசரம் வாய் தவறிச் சொல்லிவிட்டான். பக்கத்தில் நின்ற அக்கா அதைக் கேட்டாள். கொல்லையில் சூளைப் பக்கம் போய்விட்டு வந்தாள். நர்சரிக்குக் கொடுக்க வேண்டிய மரவினிகர் பாட்டில்களைப் பையில் அடுக்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, “நான் ஒண்ணும் சொல்லலப்பா” என்று கிளம்பினாள்.

முற்றத்தைக் கூட்டினான். சாக்குகளை உதறி மடித்தான். புறங்கையைச் சூளைச் சுவரில் வைத்துப் பார்த்தான். சூடு இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. வெயில் பட்ட சூடாகத்தான் இருக்கும் என்று தனக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டான். நிழல் பக்கத்துச் சுவரைத் தொட்டால் உண்மை தெரிந்துவிடும். அதனால் தொடவில்லை.

ஒரு விரல் நுழையும் அளவுக்குத் திறந்து பார்த்தால் என்ன குடி முழுகிவிடும்? கடப்பாரை நுனியால் சூளைக் கதவின் மேல்விளிம்பில் பூசியிருந்த மண்ணைக் கீறினான். காய்ந்த மண் பொத்தென்று உதிர்ந்தது. சூளை உஸ்ஸென்று மூச்சை உள்ளே இழுத்தது. ஓட்டைக்குள் தெரிந்த இருட்டு மெல்லச் சிவந்தது.

அவனுக்கு உயிரே போய்விட்டது. மண் வெட்டி, தண்ணீர் விட்டு, மிதித்துக் குழைத்து எடுப்பதற்குள் உள்ளே எல்லாம் முடிந்துவிடும். கையைப் பிசைந்துகொண்டு சுற்றுமுற்றும் பார்த்தான். சூளையின் பக்கவாட்டில், ஈரச் சாக்குப் போட்டு மூடிய ஓர் இரும்புச் சட்டி. சாக்கை இழுத்தால், பதமாகக் குழைத்த களிமண். யார் வைத்தது என்று யோசிக்க நேரமில்லை. இரண்டு கையாலும் வாரி வாரி அப்பினான். பிறந்ததிலிருந்து வீணாய்ப் போன வேகமெல்லாம் அந்த ஒரு காரியத்தில் உருப்பட்டது. உஸ் சத்தம் நின்றது.

முழங்கைவரை மண்ணோடு அவன் உட்கார்ந்திருந்தபோது ஓட்டல்காரரின் வண்டி வந்தது. இறங்கும்போதே ஆட்களைச் சாக்கு எடுக்கச் சொன்னார். இன்னும் ஆறவில்லை என்றதற்கு, “எப்படியும் எரிக்கத்தானே போறோம்? சூடா இருந்தா நல்லதுதானே” என்றார். அதே வாதத்தை அவசரமும் ஒரு காலத்தில் அக்காவிடம் வைத்திருக்கிறான். அடுத்தவர் வாயிலிருந்து வரும்போது அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்று அவனுக்கே வெட்கமாகப் போயிற்று. ஓட்டல்காரர் கெஞ்சினார், இனி வேறு இடத்தில் வாங்கிக்கொள்வேன் என்று மிரட்டினார், கடைசியில் தானே கடப்பாரையை எடுத்துவிட்டார். அவசரம் எழுந்து கதவுக்குக் குறுக்கே நின்றான்.

“திறந்தா சாம்பல்தான் சார் கிடைக்கும். அதை வச்சுப் பாத்திரம் வேணா தேய்க்கலாம்.”

“உங்களுக்குப் போய் அவசரம்னு பேர் வச்சான் பாருங்க” என்று கடப்பாரையைப் போட்டுவிட்டு அவர் வண்டியேறினார்.

வெயில் தாழ்ந்த பிறகு அக்கா வந்தாள். தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகக் கதவைப் பார்த்தாள். மேல்விளிம்பில் ஈரம் காயாத ஒட்டு, அதில் பத்து விரலும் பதிந்திருந்தன. அவள் வாயைத் திறக்குமுன் “மண்ணு தானா உதிர்ந்துடுச்சு” என்றான் அவசரம். அவள் நிழல் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் நின்றாள். சூடு ஏறியிருக்கவில்லை. பிறகு குனிந்து, சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“பாதி மிச்சம் இருக்கே” என்றாள்.

“நீதான் வச்சியாக்கா? எதுக்கு இவ்வளவு குழைச்ச?”

“ரெண்டு ஓட்டைக்குக் குழைச்சேன். ஒண்ணு உனக்கு, ஒண்ணு அந்த ஓட்டல்காரருக்கு.” கதவை மறுபடி மேலும் கீழும் பார்த்தாள். “அவரோடதைக் காணோமே?”

அவன் தலையைச் சொறிந்தான், தலையெல்லாம் மண்ணாயிற்று. அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு சட்டியைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள்.

“தண்ணி தெளிச்சு மூடி வை, காஞ்சிரப்போகுது. அடுத்த சூளை மூடறப்போ உனக்குத்தான் வேணும்.”