காடு படித்தவர்கள் குடித்த காபி

மாட்டுங்காவில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடும் வாசகர் வட்டத்தில் நான் சேர்ந்ததற்கு இலக்கிய தாகம் எல்லாம் காரணமில்லை. செம்பூரில் என் வீட்டில் ஞாயிறு முழுக்க டிவி அலறும், பிள்ளைகள் இந்தியில் சண்டை போடுவார்கள். கொஞ்ச நேரமாவது தமிழைக் காதால் கேட்கலாமே என்று போனேன். போன பிறகுதான் தெரிந்தது, அங்கே பேசுகிற தமிழ் வேறு, தாராவியில் நான் பேசி வளர்ந்த தமிழ் வேறு என்று. அதனால் முதல் சில மாதங்கள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

வட்டத்தை நடத்துகிறவர் வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் மாமா. அவருடைய வீட்டு ஹாலில்தான் கூட்டம். மாமி போடும் காபிக்காகவே சிலர் வருவார்கள். குறை சொல்லக் கூடாது, நல்ல காபி. எல்லோருக்கும் கொடுக்கிற அதே டபரா டம்ளரில்தான் எனக்கும் கொடுப்பார்கள். அதை வைத்து அவர்களைப் பற்றி மனசுக்குள் ரொம்ப உயரத்தில் ஒரு இடம் போட்டு வைத்திருந்தேன்.

அப்போதுதான் அந்தப் புத்தகம் வந்தது. ஒரு வெள்ளைக்காரத் துரை, காப்பித் தோட்டம் போட இடம் தேடி மலைக்காட்டுக்குள் போகிற பழைய நாவல். நடந்து போகவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து போகிறான். தெற்கிலிருந்து கூட்டிவந்த கூலிகள் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள். காடு அடர அடர துரை மிருகமாகிறான், சவுக்கை எடுக்கிறான். கடைசியில் வழி தப்பி, காய்ச்சலில் நாக்கு வறண்டு, தான் அடித்த அதே கூலியின் சுரைக்குடுக்கையிலிருந்து தண்ணீர் வாங்கிக் குடிக்கிறான். வட்டத்தில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் உண்டு. அந்த இடத்தை வாசிக்கும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது.

வாரக்கணக்கில் பேசினார்கள். மனிதனுக்குள் இருக்கும் காடு, வெள்ளைக்காரனின் ஆன்மா, அதிகாரத்தின் இருட்டு என்று ஹால் முழுக்க ஒரே இருட்டாக இருந்தது. நாற்காலியைத் தூக்கியவர்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. புத்தகத்திலும் அவர்களுக்குப் பேர் கிடையாது. ஒரு கூலி காய்ச்சல் கண்டு பாதையோரம் விடப்பட்டதற்கு அரை வரி, துரையின் காய்ச்சலுக்கு ஒரு முழு அத்தியாயம். எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவின் தாத்தா அப்படி ஒரு மலைத்தோட்டத்துக்குப் போய்த் திரும்பாமலே போனவர் என்றும், அம்மா இன்னும் தாராவியில்தான் இருக்கிறாள் என்றும் சொல்லிவிட்டேன்.

 மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“அடடா, இத்தனை நாளா சொல்லவே இல்லையே! அப்போ நாம ஒருநாள் உங்க அம்மாவைப் போய்ப் பார்க்கணும். புஸ்தகத்தைப் படிச்சா போறுமா? அந்த மண்ணை மிதிக்க வேண்டாமா?”

ரயில் பாலத்தைத் தாண்டினால் தாராவி. மாமா ஐம்பது வருடமாக மாட்டுங்காவில் இருக்கிறார். இருந்தாலும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

அம்மாவிடம் சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, “அவுக கவுச்சி சாப்பிடாதவுகளா?” என்பதுதான். ஆமாம் என்றேன். “அப்பம் நம்ம பாத்திரம் சரிப்படாதுட்டி. மீன் பொழங்குத பாத்திரம்லா.” மறுநாளே பஸ் பிடித்து மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய்ப் புது டபரா டம்ளர்கள், பால் காய்ச்சப் புதுப் பாத்திரம், புது ஃபில்டர் எல்லாம் வாங்கி வந்தாள். அங்கேயே கடையில் நின்று காபிக்கொட்டையை அரைத்து வாங்கினாள். நாங்கள் காலம் காலமாக டீ குடிக்கிறவர்கள். ஃபில்டரில் எப்படி டிகாக்ஷன் இறக்குவது என்று அம்மா கடைக்காரனிடம் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள். அந்த வாரம் வீட்டில் மீன் வாங்கவில்லை, அடுப்பையும் மேடையையும் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். “அவுகட்ட புது ஏனம்னு சொல்லிருட்டி, மறந்துராத” என்று போனில் திரும்பத் திரும்பச் சொன்னாள். நானும் வட்டத்தில் எல்லோரிடமும் சொன்னேன். “என்னத்துக்கு இவ்வளவு சிரமம்” என்று டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மூன்று பேர் வந்தார்கள். மாமா, டீச்சர், டோம்பிவிலியிலிருந்து வரும் ஐ.டி. இளைஞன் ஒருவன். மாமா மலையேறப் போகிறவர் மாதிரி ஷூ போட்டிருந்தார். டீச்சரின் தோள்பையில் தண்ணீர் பாட்டில்களும் கை கழுவும் மருந்தும் இருந்தன. சந்துக்குள் நுழைந்ததிலிருந்து மாமா, “பாருங்கோ, வெளிச்சமே வரல்லை” என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் பார்த்தது இருட்டை மட்டும்தான். தோல் பை தைக்கிற கடையிலிருந்து எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் எழுந்து வணக்கம் சொன்னதைக் கவனிக்கவே இல்லை.

அம்மா கல்யாண வீட்டுக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தாள். மூவரும் கட்டிலில் உட்கார்ந்தார்கள். அம்மாவின் தாத்தாவைப் பற்றிக் கேட்டார்கள். அவளுக்கு அதிகம் தெரியாது. “மலைக்குப் போனாவ, வரல. அம்புட்டுத்தான் சொல்லுவாவ” என்றாள். மாமா அதைப் போனில் குறித்துக்கொண்டார். பிறகு காபி வந்தது. நுரை பொங்கி, மணமாக, மாமி போடுவதற்கு ஒரு மாற்றுக் குறையாமல் இருந்தது.

“எனக்கு வேண்டாம்மா. கார்த்தாலேயே ரெண்டு தடவை ஆச்சு” என்றார் மாமா.

“எனக்கு ஷுகர்” என்றார் டீச்சர்.

“சீனி போடாம ஒண்ணு இருக்கும்மா” என்று அம்மா சட்டென்று இன்னொரு டம்ளரை நீட்டினாள். அதையும் யோசித்து வைத்திருந்தாள், பாவி மனுஷி.

“இல்லை, வயிறும் கொஞ்சம் சரியில்லை” என்று டீச்சர் பையிலிருந்து பாட்டிலை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார். இளைஞன் டம்ளரைக் கையில் எடுத்தான். மாமாவைப் பார்த்தான். பிறகு அதைக் கட்டிலின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்தான். நான் எழுந்து, “புது டம்ளர்தான் மாமா, எல்லாமே புதுசு” என்றேன். “தெரியும்மா, சொன்னேளே” என்று சிரித்தார். நான்கு டம்ளர்களிலும் ஆடை படிந்தது.

அவர்கள் போன பிறகு அம்மா கேட்டாள்.

“புது ஏனம்னு சொன்னியாட்டி?”

“சொன்னேம்மா.”

“சொல்லியுமா?”

 டம்ளர்களை எடுத்துக்கொண்டு அவளே வெளியே, நாலா என்று நாங்கள் சொல்லும் சாக்கடைப் பக்கம் போனாள்.

சில வாரங்கள் கழித்து மாமா ஹாலில் தன் கட்டுரையை வாசித்தார். தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் வரப்போகும் கட்டுரை. துரையின் பயணத்தையும் தான் எங்கள் சந்துக்குள் வந்ததையும் சேர்த்துப் பின்னியிருந்தார். அம்மா அதில் ‘இருளிலிருந்து எழுந்து வந்த ஒரு மூதாட்டி’. பேர் இல்லை. கடைசியில் இப்படி முடித்தார்: ‘அந்தத் தாய் தந்த காபியை நாங்கள் பருகினோம். அந்த ஒரு வாயில் எங்களுக்குள் இருந்த காடு வெளுத்தது.’

கைதட்டினார்கள். டீச்சரும் தட்டினார். அன்று அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர்.

“நீங்க குடிக்கலையே மாமா” என்றேன். 

மாமாவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. “அது ஒரு பாவனைம்மா. இலக்கியத்தை இப்படி நேரடியா எடுத்துக்கப்படாது” என்றார். மாமி உள்ளேயிருந்து காபித் தட்டோடு வந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். மலர் அச்சானதும் ஒரு பிரதி தபாலில் வந்தது. ‘அம்மாகிட்டே வாசிச்சுக் காட்டுங்கோ, சந்தோஷப்படுவா’ என்று மேலே எழுதியிருந்தார்.

கிழித்துப் போட நினைத்தேன். ஆனால் அம்மா விடவில்லை. நம்மைப் பற்றி அச்சில் வந்திருக்கிறதாமே, வாசி என்றாள். வாசித்தேன்.  கடைசி வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தி, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

“குடிச்சாவன்னா போட்டிருக்கு?”

“ஆமாம்மா.”

அம்மா அலமாரியில் இருந்த புது டம்ளர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்பம் நான் நாலாவுல கொண்டு ஊத்துனது யாரு வீட்டுக் காபிட்டி?”