ஆளில்லாத கதிரைக்கு ஒரு பொன்னாடை

போன ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

ஸ்காபரோவில் பலசரக்குக் கடைக்கும் நகைக் கடைக்கும் நடுவில் இருக்கும் ஒரு பார்ட்டி ஹோல். மேடையில் குத்துவிளக்கு, பிளாஸ்டிக் வாழைமரம், என் படம் போட்ட பெரிய பனர். படத்தில் எனக்குப் பத்து வயது குறைவு. பக்கத்தில் கொட்டை எழுத்தில் – 'சிக்கனச் செம்மல்'.

சிரிக்காதீர்கள். நானும் சிரிக்கவில்லை. புது மாப்பிள்ளை மாதிரித் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

எதற்கு இந்த மரியாதை? வாராவாரம் இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு என் உத்தியோகம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக – ஸ்காபரோவின் ஒரு மூலையான மில்லிக்கனில் நித்திரை கொள்கிறேன். காலையில் கிழக்கே ஒன்றே முக்கால் மணித்தியாலம் கார் ஓடிப் போய், ஒரு நாட்டுப்புறக் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், பொதுச் சுகாதார அலுவலகத்தில் நிதியும் நிர்வாகமும் பார்க்கிறேன். சோளக்காடு, மாட்டுப் பண்ணை, அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள். அந்த மக்களின் சுகாதாரத்துக்கு வருடாவருடம் பட்ஜெற் போடுவது அடியேன்.

பொதுச் சுகாதாரம் என்றதும் ஆஸ்பத்திரியை நினைக்காதீர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவது, உணவகத்துக் குசினியில் எலி ஓடுகிறதா என்று பார்ப்பது, கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புவது, நாய் கடித்தால் அந்த நாயைத் தேடிப் போவது, பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஒரு தாதி போய்த் தாயையும் பிள்ளையையும் பார்ப்பது... இவைதான். எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஊரில் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காததைக் காட்டி யாரிடம் காசு கேட்பது? இந்த உத்தியோகத்தின் சாபக்கேடு அதுதான்.

ஆகவே காசு கேட்பதை விட்டுவிட்டு மிச்சம் பிடிக்கப் பழகிக்கொண்டோம். அதற்கு எங்கள் உலகத்தில் ஒரு சொல் வைத்திருக்கிறோம் – 'காப்பிங்'. இடைவெளி விடுதல். ஒருவர் ஓய்வு பெற்றுப் போனால் அந்த இடத்துக்கு உடனே ஆள் எடுக்கக் கூடாது. மூன்று மாதம், ஆறு மாதம் என்று இழுக்க வேண்டும். அந்தச் சம்பளம் மிச்சம். சொல்லின் அழகைப் பாருங்கள்! ஆளைக் குறைத்தோம் என்று யாரும் சொல்லவில்லை. சேவையை நிறுத்தினோம் என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் பக்கத்து ஆளுக்குத் தள்ளி இருந்து இடம் விடுவது போல, சும்மா கொஞ்சம் இடைவெளி விட்டோம். அவ்வளவுதான்.

இளவேனிலில் மார்கரெட் ஓய்வு பெற்றார். கவுண்டியின் வடக்குப் பக்கம் முழுவதற்கும் அவர் ஒருவர்தான் தாதி. பனி கொட்டினாலும் தராசைத் தூக்கிக்கொண்டு பிள்ளை பிறந்த வீடுகளுக்குப் போனவர். கேக் வெட்டினோம். அவர் போனபின் அவருடைய கதிரையை நானே மேசைக்கு அடியில் தள்ளிவைத்தேன். அவருடைய தொலைபேசிக்கு ஒரு குரல் பதிவும் போட்டேன்: 'உங்கள் அழைப்பு எமக்கு முக்கியமானது. தகவல்களுக்கு எமது வெப்சைற்றைப் பாருங்கள்.' அந்த வசனம் என் கைவண்ணம். மூன்று கூட்டம் கூடி எழுதினோம்.

இலையுதிர் காலத்தில் சுகாதாரச் சபைக்கு அறிக்கை கொடுத்தேன். 'வடக்குப் பகுதி: செலவு குறைந்துள்ளது. முறைப்பாடுகள் எதுவும் கிடைக்கவில்லை.' சபையோர் கை தட்டினார்கள். சபைத் தலைவர் மாட்டுப் பண்ணைக்காரர். நல்ல மனிதர். தன் மாடு ஒரு நேரம் தீனி எடுக்காவிட்டால் உடனே வைத்தியரை வரவழைப்பவர். அவர் என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

செய்தி ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தபோது, 'கவுண்டி பட்ஜெற்றில் மிச்சம் பிடித்த முதல் தமிழன்' என்று ஆகியிருந்தது. நம்மவர்களுக்கு 'முதல் தமிழன்' என்று ஒன்று கிடைத்தால் போதாதா? ஹோலைப் புக் பண்ணிவிட்டுத்தான் எதில் முதல் என்று விசாரிப்பார்கள்.

"எங்கட அண்ணை ஒரு சதம் வீணாக்காத மனுசன்!" என்று விழா எடுத்த சங்கத்தின் செயலாளர் மைக்கில் முழங்கினார். கைதட்டல். நான் கூச்சப்படுவது போல முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தேன் என்பதுதான் உண்மை.

விழா முடிந்து, றோல்ஸ் தட்டோடு ஒரு மூலையில் நின்றேன். சவுண்ட் சிஸ்ரம் போட்ட இளைஞன் வயரைச் சுருட்டிக்கொண்டே கிட்ட வந்தான். துஷ்யந்தன் என்று வைத்துக்கொள்வோம். பெயரை மாற்றச் சொல்லித்தான் இதை எழுத விட்டான்.

"அண்ணை, நீங்கள்தானே உந்தக் கவுண்டிக்கு ஹெல்த் பொறுப்பு? நாங்களும் அங்கைதான். வடக்குப் பக்கம். போன வருசம் வீடு வாங்கிப் போனனாங்கள். இஞ்சை கொண்டோ வாங்கிற காசுக்கு அங்கை காணியோடை வீடு."

"சந்தோசம் தம்பி."

"மனுசிக்குப் பிள்ளை பிறந்து மூண்டு கிழமை. ஒரு நேர்ஸ் வீட்டை வந்து பாப்பா எண்டு ஆஸ்பத்திரியிலை சொல்லிவிட்டவை. இன்னும் ஒருத்தரும் வரேல்லை."

"நம்பருக்கு அடிச்சுப் பாத்தனீரோ?"

"மூண்டு தரம். வெப்சைற்றைப் பாருங்கோ எண்டு ஒரு பொம்பிளை சொல்லுறா. எங்கட றோட்டிலை நெற் ஒழுங்காய் இல்லை. இருந்தாலும்... பிள்ளையை வெப்சைற்றிலை வைச்சு நிறுக்கேலுமோ அண்ணை?"

நல்ல கேள்வி. மூன்று கூட்டத்திலும் இதை எவரும் கேட்கவில்லை.

"டொக்டரிட்டைக் காட்டினனீங்களோ?"

"அங்கை டொக்டர் எடுக்கிறதெண்டால் வெயிற்றிங் லிஸ்ற். முதல் கிழமை இஞ்சை ஸ்காபரோவுக்குக் கொண்டுவந்து காட்டினது. அடுத்த அப்பொயின்ற்மென்ற் ஒரு மாசத்திலை."

"பிள்ளை எப்பிடி? சோலி ஒண்டும் இல்லையே?"

அவன் முகம் மலர்ந்தது. "சீ, நல்ல பிள்ளை அண்ணை. அழுகிறதே இல்லை. ஒரே நித்திரை. பால் குடிக்கவே தட்டி எழுப்பவேணும்."

"குடுத்துவைச்ச ஆள் நீர்" என்றேன். சொல்லிவிட்டு இன்னொரு றோல்ஸ் எடுத்தேன்.

இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது இதுதான்.

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் இருந்து மார்கரெட்டுக்குப் போன் எடுத்தேன். பிள்ளையைப் பற்றிய கவலை என்று நினைத்து என்னை மன்னித்துவிடாதீர்கள். எந்தப் படிவத்தில் பதிந்தால் துஷ்யந்தன் திரும்பவும் வந்து என்னைக் கேட்க மாட்டான் என்று அறிவதற்காக எடுத்தேன்.

"படிவம் கிடக்கட்டும். பிள்ளை எப்படி?" என்று கேட்டார் மார்கரெட்.

"நல்ல பிள்ளையாம். அழுவதே இல்லையாம்."

அதற்கு அவர் ஆங்கிலத்தில் சொன்னதில் அச்சில் போடக்கூடாத சொற்களை நீக்கிவிட்டுத் தமிழில் தருகிறேன். "மூன்று கிழமைப் பிள்ளை அழாமல் கிடந்தால் அதற்கு அழத் தெம்பில்லை என்று அர்த்தம், மடையா. என் தராசு அலுமாரியில் இருக்கிறது. எடுத்துக்கொண்டு வா. வழியில் என்னையும் ஏற்று."

துஷ்யந்தனிடம் விலாசம் கேட்டுக்கொண்டு போனோம். வடக்குப் பக்கத்துக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. இத்தனை வருடமாக அந்தப் பகுதிக்கு நான் பட்ஜெற் போட்டிருக்கிறேன்!

துஷ்யந்தனின் மனைவி கஜனி, சிசேரியன் செய்த வயிற்றை ஒரு கையால் பிடித்தபடி கதவைத் திறந்தாள். "வாங்கோ அண்ணை. இவர் வேலைக்கு ஸ்காபரோவுக்குப் போட்டார். வீடு கிடக்கிற கிடையைப் பாக்காதேங்கோ." பிள்ளையைத் தட்டித் தட்டி எழுப்பிப் பால் கொடுத்து, அவள் நித்திரை கொண்டு நாளாகிவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. அந்தப் பக்கம் பகல் முழுவதும் அவளும் பிள்ளையும் மட்டும்தான்.

தராசு காரின் டிக்கியில் கிடந்து குளிர்ந்துபோயிருந்தது. மேலே விரிக்க மெத்தென்று ஒரு துணி வேண்டும் என்றார் மார்கரெட். நானும் ஏதாவது செய்ய வேண்டாமா? ஓடிப் போய்க் காரின் பின் சீற்றில் கிடந்த பொன்னாடையை எடுத்து வந்தேன்.

கஜனி அதைத் தொட்டுப் பார்த்தாள். "ஐயோ அண்ணை, உது குத்தும்."

உண்மைதான். முழுக்க ஜரிகையும் பொலியெஸ்டரும். அவள் பருத்தியில் நெய்த ஒரு கொட்டன் துவாயை எடுத்து விரித்தாள்.

நான் எண்களோடு பிழைப்பவன். தராசில் வந்த எண்ணை வாசித்தேன். ஆஸ்பத்திரித் தாளில் இருந்த பிறந்த எடையையும் வாசித்தேன். கழித்துப் பார்க்கக் கணக்காளன் தேவையில்லை. மூன்று கிழமையில் கூடியிருக்க வேண்டிய பிள்ளை, பிறந்த எடையிலும் குறைந்திருந்தான். குறைந்துள்ளது என்று நான் அறிக்கையில் எழுதிய போதெல்லாம் கை தட்டியிருக்கிறார்கள்.

பிள்ளையின் சீற்றை என் காரில் மார்கரெட்தான் பூட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுவதும் கஜனி ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "எல்லாருக்கும் சொன்னனான் அண்ணை, எங்கட பிள்ளை சோலி இல்லாத பிள்ளை எண்டு."

"அவளுடைய பிழை இல்லை என்று சொல்லு" என்றார் மார்கரெட் என்னைப் பார்த்து. "தமிழில் சொல்லு. விளங்கட்டும்."

சொன்னேன். யாருடைய பிழை என்பதை மட்டும் சொல்லவில்லை.

பால் போதாமல் பிள்ளைக்கு உடம்பில் நீர் வற்றியிருந்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் காப்பாற்றுவது கஷ்டம் என்று டொக்டர் நேராகவே சொன்னார். ஆஸ்பத்திரி நடைவழியில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபோது, என் அறிக்கையின் அந்த வசனம்தான் மனதில் ஓடியது. 'முறைப்பாடுகள் எதுவும் கிடைக்கவில்லை.' எப்படிக் கிடைக்கும்? முறைப்பாட்டைக் கேட்கும் போனுக்கு அல்லவா நான் வாயைக் கட்டிவைத்திருந்தேன்! சத்தம் வரவில்லை, ஆகவே சுகம் – அந்தப் பிள்ளையைப் பற்றி நாங்கள் நினைத்ததும் அதுதான், கவுண்டியைப் பற்றி நான் எழுதியதும் அதுதான்.

வியாழக்கிழமை சபைக் கூட்டம். நடந்ததைச் சொன்னேன். தாதி வேண்டும், உடனே வேண்டும் என்றேன். அனைவரும் மிகவும் வருந்தினார்கள். வருந்துவதற்குப் பட்ஜெற் தேவையில்லை அல்லவா?

பிறகு தலைவர் தொண்டையைச் செருமினார். "ஆனால் தாதி இல்லாமலே நடத்தலாம் என்று நீதானே நிரூபித்தாய்?"

நான் மிச்சம் பிடித்த காசு எங்கே என்று கேட்பீர்கள். வருட முடிவில், செலவழிக்காத காசை மேலிடம், அதாவது மாகாண அரசு, திருப்பி எடுத்துக்கொள்ளும். கூடவே ஒரு கடிதமும் வரும் – இவ்வளவுதான் செலவழித்தீர்கள், அடுத்த வருடமும் இவ்வளவே போதும்தானே என்று. அந்தக் கடிதம் அன்றைக்குத்தான் மேசையில் இருந்தது. பிள்ளையின் பாலில் மிச்சம் பிடித்து மேலிடத்துக்கு மொய் எழுதியிருக்கிறேன். அதற்குத்தான் பொன்னாடை.

தலைவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "உங்கள் பண்ணையில் கன்று பிறந்தால் எத்தனை நாளில் நிறுத்துப் பார்ப்பீர்கள்?"

"அன்றைக்கே" என்றார் சட்டென்று. சொன்ன பிறகுதான் கேள்வி எங்கே போகிறது என்று விளங்கியது. மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு பேரம். பளபளக்கும் தாளில் அடிக்கும் எங்கள் செய்தி மடலை நிறுத்தச் சம்மதித்தேன். அதில் என் படம்தான் அடிக்கடி வரும், போகட்டும். இரண்டு மணித்தியால விவாதத்துக்குப் பிறகு சபை பெரிய மனது வைத்து அரைத் தாதிக்கு அனுமதி தந்தது. அரைத் தாதி என்றால்? திங்கள் காலை முதல் புதன் மத்தியானம் வரை. எங்கள் கவுண்டிக்குக் குடிபோக நினைக்கும் இளம் தம்பதியர் கவனிக்கவும். பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை பெற்றுக்கொள்வது நல்லது. வியாழக்கிழமை பிறக்கும் பிள்ளைகள் கொஞ்சம் பொறுமைசாலிகளாக இருக்க வேண்டும்.

மற்ற அரையை மார்கரெட் தன் சொந்தக் காரில், சம்பளம் இல்லாமல் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதையும் யாராவது 'சேமிப்பு' என்று எழுதுவார்கள். இந்த முறை அது நானாக இருக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை துஷ்யந்தன் போன் எடுத்தான். பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டான். "இஞ்சை கேளுங்கோ அண்ணை" என்று போனைப் பிள்ளைக்குக் கிட்டப் பிடித்தான். வீடே அதிரும்படி ஒரு வீரிட்ட அழுகை. "ஒரு கண் நித்திரை இல்லை அண்ணை!" என்று சிரித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வாழ்நாளில் கிடைத்த முறைப்பாடுகளிலேயே நல்லது அதுதான்.

நேற்றுச் சங்கச் செயலாளர் அழைத்தார். கதை அவர் காதுக்கும் போய்விட்டது.

"அண்ணை, நேர்ஸ் எடுத்துக் குடுத்ததுக்கு உங்களுக்கு இன்னொரு சின்னப் பாராட்டு வைப்பமோ? ஹோல்காரனோடை கதைச்சுப்போட்டன்."

"அரை நேர்ஸ்தான் தந்தவங்கள்" என்றேன்.

"பரவாயில்லை அண்ணை. அரை நேர்ஸ் எடுத்த முதல் தமிழன்!"

நான் ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன்.

"வைக்கிறதெண்டால் வையுங்கோ. ஆனால் சால்வையை மட்டும் கொட்டனிலை வாங்குங்கோ. பிள்ளையை நிறுக்கேக்கை விரிக்கலாம்."