தெரியாது என்று சொல்லாத நாள்

ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஆலயத்தை ஒட்டிய அறையில் எங்கள் வாலிபர் வகுப்பு கூடும். அங்கே கம்பவுண்டரின் மகள் எழுந்து நின்ற கணம் என் கண்ணை விட்டு அகலவில்லை. அவள் தாய் இறந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக நின்றவள், "நாங்க ஜெபிச்சதுல என்ன கொறை, சாரே?" என்று கேட்டாள். அறையிலிருந்த அத்தனை இளம் முகங்களும் என் பக்கம் திரும்பின.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முன் நடந்தது இது. தெற்கே எல்லைப்புறத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குக் குடிவந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. நான் சர்க்கார் குமாஸ்தா. படிப்புக்கும் வேலைக்கும் பட்டணம் வரும் நம் பிள்ளைகள் இரண்டொரு வருஷத்தில் ஆலயத்தை மறந்துவிடுகிறார்கள் என்று சபையில் பெரிய கவலை இருந்தது. அவர்களை விசுவாசத்தில் நிலைநிறுத்தும் பொறுப்பை முப்பது வயதில் நான் ஏற்றுக்கொண்டேன். எந்தக் கேள்விக்கும் கையில் பதில் வைத்திருந்தேன். பதில் இல்லையென்றால் பிள்ளைகள் போய்விடுவார்கள் என்று உண்மையாகவே பயந்தேன்.

கம்பவுண்டர் சாலைக் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தார். அவர் மனைவி டைபாய்டு காய்ச்சலில் படுத்தபோது, வகுப்பார் எல்லோரும் மூன்று நாள் உபவாசமிருந்து ஜெபிக்க ஏற்பாடு செய்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "சந்தேகப்படாம ஜெபி. உங்கம்மா எந்திரிச்சு உன்கூட ஆராதனைக்கு வருவா, பாத்துக்கோ" என்று அந்தப் பதினேழு வயதுப் பெண்ணுக்கு வாக்கும் கொடுத்தேன். கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லாத வாக்கு அது. மூன்றாம் வாரம் அந்த அம்மாள் இறந்துபோனாள்.

அதனால்தான் மகள் அன்று எழுந்து கேட்டாள். எனக்குத் தெரியாது என்பதே உண்மையான பதில். நானோ, "எங்கயோ யாருக்கோ விசுவாசம் கொறஞ்சிருக்கும்" என்றேன்.

அவள் முந்தானையை விரலிலிருந்து விட்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "வெள்ளிக்கிழம உபவாசத்துல தலை சுத்திச்சு. நான் கஞ்சி குடிச்சேன், சாரே."

அது காரணமில்லை பிள்ளை என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? நான் சொல்லவில்லை. அடுத்த பாட்டைப் பாடச் சொன்னேன். எல்லோரும் பாடினார்கள், அவள் உதடு மட்டும் அசையவில்லை.

பத்து நாள் கழித்துக் கம்பவுண்டர் நான் வேலை பார்த்த சர்க்கார் கச்சேரியின் வராந்தாவில் வந்து நின்றார். "மகள் ஒண்ணும் திங்க மாட்டேங்கா, சாரே. அம்மய நாந்தான் கொன்னேன்னு சொல்லுகா. மருந்து குடுத்தவன் நான். காய்ச்சல் குடலுக்குள்ள போயாச்சுன்னு எனக்குத் தெரியும். நீங்க பிள்ளைகளுக்கு என்னதான் சொல்லிக் குடுத்தீங்க?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனேன். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தவளின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "நான் சொன்னது தப்பு. உங்கம்மா ஏன் போனான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். ஒன் மேல ஒரு குத்தமும் இல்ல" என்றேன்.

"இத அண்ணைக்கே சொல்லியிருக்கப்பிடாதா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த ஞாயிறு வகுப்பிலும் இதையே சொன்னேன். வாலிபருக்குச் சந்தேகத்தைப் போதிக்கிறேன் என்று சபையில் புகார் எழுந்தது. இரண்டு வீட்டார் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்புவதை நிறுத்திக்கொண்டார்கள். மீதியிருந்தவர்கள் அதுவரை கேட்காத கேள்விகளைக் கேட்கத் தொடங்கினார்கள். சேர்ந்து தேடினோம், சில நாள் ஒன்றும் கிடைக்காமல் சேர்ந்து மௌனமாக இருந்தோம். பதில்களை வாங்கிப்போன என் பழைய மாணவர்களில் பலர் இன்று ஆலயப் பக்கம் வருவதில்லை. அந்த மௌனத்தில் என்னோடு உட்கார்ந்தவர்களில் பலர் இன்னும் வருகிறார்கள். இதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு வாயில்லை. அதைக் கற்றுக்கொள்ள ஒரு பெண்ணின் வேதனை எனக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

அவள் வகுப்புக்குத் திரும்பவில்லை. நர்ஸ் வேலைக்குப் படிக்கப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். இரண்டு வருஷத்துக்குப் பின் ஒரு பண்டிகை நாளில் ஆலயத்தின் கடைசி வரிசையில் அவளைக் கண்டேன். ஏன் வந்தாய் என்று கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

போன வருஷம் என் மனைவிக்கும் அதே காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ் உடுப்பில் கம்பவுண்டரின் மகள் நின்றிருந்தாள். எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. "பிழைச்சிருவாளா, பிள்ளை?" என்று கெஞ்சினேன். எனக்கு வேண்டியது ஒரு வாக்கு. பொய்யானாலும் பரவாயில்லை.

அவள் என் மனைவியின் நாடி பிடித்திருந்த கையை விடாமல் என்னைப் பார்த்தாள். "தெரியாது சாரே. நான் ஜெபிக்கேன். டூட்டி முடிஞ்சாலும் போகமாட்டேன், இங்கதான் இருப்பேன்."

இருந்தாள். என் மனைவி பிழைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணின் தாய் அன்று பிழைக்கவில்லை. அந்த அம்மாள் இறந்தது எங்கள் ஜெபத்தின் குறையால் இல்லை, என் மனைவி பிழைத்தது என் ஜெபத்தின் பலத்தாலும் இல்லை. அது மட்டும் எனக்கு நிச்சயம். அந்தப் பெண் என்னை மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. ஞாயிறுதோறும் பெண்கள் பக்கத்தில் தனியாக வந்து உட்காருகிறாள். என் மனைவி உள்ளே வருவதைக் கண்டால், நகர்ந்து இடம் கொடுக்கிறாள்.