மக்கடாமியா உடைத்த விடுமுறை

கோத்தகிரிக்குக் கீழே நாங்கள் வாங்கிய தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் மக்கடாமியா மரங்கள் இருந்தன. அந்தக் கொட்டையை என்ன செய்வதென்று எனக்கும் தெரியாது, கணவருக்கும் தெரியாது.

போன காலாண்டு விடுமுறைக்கு அண்ணனின் மகள்கள் இருவரும் வந்தார்கள். என் மகளோடு சேர்ந்து மூவரும் மழை விட்டதும் மரத்தடிக்கு ஓடினார்கள். கீழே விழுந்ததை மட்டும் பொறுக்க வேண்டும், கிளையை உலுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தேன். மதியத்துக்குள் இரண்டு கூடை நிறைந்துவிட்டது. பச்சைத் தோலை உரித்தால் உள்ளே பளபளவென்று பழுப்பு நிறக் கொட்டை.

"இப்பவே திங்கோணும் அத்தை!" என்றாள் பெரியவள்.

கல்லால் அடித்தாள். கொட்டை எகிறித் தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தது. என் மகள் கதவிடுக்கில் வைத்து நசுக்கப் பார்த்தாள், கதவில்தான் கீறல் விழுந்தது. நான் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தேன். என் அடியில் ஓடும் பருப்பும் ஒன்றாகக் கூழாகிவிட்டன. மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் வீம்பு வந்துவிட்டது.

சின்னவளுக்கு எட்டு வயது. கொட்டை உருளாமல் இருக்க செங்கல்லில் ஆணியால் ஒரு குழி தோண்டினாள். இப்போது ஓடு பிளந்தது. ஆனால் பருப்பு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு துண்டு துண்டாகத்தான் வந்தது.

சமையலறை ஜன்னலில், அதற்கு முந்தின மாதம் நான் பொறுக்கி வைத்து மறந்துபோன கொட்டைகள் ஒரு முறத்தில் கிடந்தன. அதில் ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டினாள் சின்னவள். கண்கள் விரிந்தன.

"அத்தை, வாங்க! உள்ள ஏதோ ஆடுது! புதுசுல சத்தமே இல்லீங்க!"

குழியில் வைத்து ஒரே தட்டு. முத்துப்போல முழுப் பருப்பு உருண்டு வந்தது. காய்ந்தால் பருப்பு சுருங்கி ஓட்டிலிருந்து பிரிந்துவிடும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். நாலு பேரும் கத்திய கத்தலில் கணவர் பதறிக்கொண்டு வந்தார். அந்தப் பருப்பை நாலாகக் கடித்துத் தின்றுவிட்டோம், அவருக்கு அடுத்ததுதான்.

அன்று மாலையே கூடைகளைக் காய வைத்தார்கள். ஊருக்குப் போன பிறகு சின்னவள் வாரா வாரம் போன் செய்தாள். நான் ஒரு கொட்டையை எடுத்து போனருகே ஆட்டிக் காட்டுவேன்.

"இன்னும் இல்லீங்க அத்தை. விட்டுருங்க," என்பாள்.

அரையாண்டு விடுமுறைக்கு பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அவள் கையில் சுத்தியல் இருந்தது.