நால்வருக்கே திறக்கும் மலை

பிரித்தானியாவின் தோர்ண்டன் ஹீத்தில் தனியறையொன்றில் வாழ்ந்த அஞ்சலீனா, நாற்பத்தைந்து வயது கடந்தும் எந்த மலையிலும் கால் வைத்ததில்லை. அவள் பிறந்த மன்னார், பனையும் உப்புக்காற்றுமாகத் தட்டையாகக் கிடக்கும் தீவு. அப்படிப்பட்டவளின் மனத்தை நாகலாந்தின் மலைகள் பற்றிக்கொண்டதற்குக் காரணம் அவினுவோ.

எண்பதுகளில் இருவரும் ஒரு மருத்துவமனையின் சலவைப் பகுதியில் வேலை செய்தார்கள். ஒரே வீட்டில் அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்தார்கள். அவினுவோ கோஹிமாவுக்கு அப்பாலுள்ள அங்காமி நாகர் ஊரொன்றைச் சேர்ந்தவள். புகையில் உலர்த்திய இறைச்சியை அவள் சமைக்கும் நாளிலேயே அஞ்சலீனாவும் கருவாடு பொரிப்பாள். வீட்டுக்காரியிடம் ஏச்சு வாங்குவதை ஒரே தடவையில் முடித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. சன்னல்களைத் திறந்துவைத்துக் குளிரில் நடுங்கியபடி உண்ணும்போது, அவினுவோ தன் ஊரைச் சொல்வாள். நாற்று நடுமுன் மலைச்சரிவின் படிவயல்களில் நீர் கட்டுவார்களாம். அப்போது வானம் படிபடியாக இறங்கி, செதுக்கிய மரக்கதவு நிற்கும் ஊர்வாசல்வரை வருமாம். வாசலைத் தாண்டி வரும் விருந்தாளிக்கு அடுப்பருகே இடமும் ஒரு குவளை அரிசிக் கள்ளும் உண்டாம்.

"நீ வரும்வரை அந்த இடம் காலியாகவே இருக்கும்" என்று சொல்லி, 1988இல் அவினுவோ ஊர் திரும்பினாள்.

"சொந்த ஊருக்கே போக ஏலாமல் சண்டை நடக்குது. நீ ஆரின்ரையோ மலைக்குப் போகப் போறியோ?" என்று கேட்டாள் ஒன்றுவிட்ட தமக்கை மரியநாயகி.

அஞ்சலீனாவுக்கு இழந்த ஊரை நினைத்தால் நெஞ்சு அடைத்தது. காணாத ஊரை நினைத்தால்தான் மூச்சு வந்தது.

பிரித்தானியக் கடவுச்சீட்டு கைக்கு வந்த பிறகும் தடையொன்று எஞ்சியது. வெளிநாட்டார் அங்கே செல்லச் சிறப்பு அனுமதி வேண்டும். அதையும் நால்வர் சேர்ந்து போனால்தான் கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் அவள் ஆள் தேடத் தொடங்கினாள். போகும் வழியில் வேளாங்கண்ணிக்கும் போகவேண்டும் என்ற நிபந்தனையோடு மரியநாயகியும் கணவரும் இசைந்தார்கள். கோயிலுக்கு ஆட்களைத் தன் வான் வண்டியில் ஏற்றி வரும் கஸ்பர், மனைவியை இழந்தவர், நான்காமவரானார்.

"நானும் வாறன். இங்கை இருந்து என்னத்தைக் கிழிக்கிறன்?" என்றார்.

அந்த மாரியில் மரியநாயகியின் தம்பி குடும்பத்தோடு படகேறி இராமேசுவரம் வந்து சேர்ந்தான். அக்காவின் விடுமுறையும் சேமிப்பும் அவனுக்கே போயின. அதற்காக யாரை நோவது? அவனைப் பார்க்கப் புறப்பட்ட தமக்கைக்கும் கணவருக்கும் அஞ்சலீனாவே பெட்டியை அடுக்கிக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு, மற்றவர்களை இறக்கிவிட்டுக் கடைசியாக அவள் வீட்டு வாசலில் கஸ்பர் வானை நிறுத்தினார். மழை கண்ணாடியில் வழிந்தது.

"தூதரகத்திலை விசாரிச்சனான்," என்றார். "நாலு பேர் இல்லாட்டியும், புருசன் பெண்சாதி எண்டால் ரெண்டு பேரா விடுவினமாம்." சிரித்தார். அவள் சிரிக்காததைக் கண்டு, "பகிடிக்குச் சொன்னனான். கோவியாதையும்" என்றார்.

அஞ்சலீனா கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் நீர் படிபடியாக இறங்கிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு முழங்கால் நோ எண்டு சொல்லுறனீங்கள்," என்றாள் மெல்ல. "மலை ஏற ஏலுமோ, கஸ்பர்?"

இத்தனை ஆண்டுகளாக அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'அண்ணை' அதில் இல்லை. கஸ்பர் இயந்திரத்தை நிறுத்தினார்.

"இருந்து இருந்து ஏறலாம்" என்றார்.