வெள்ளை கேட்டேன், சிவப்பு கொடுத்தாள்

அம்பாளை நம்பி வாழும் சகோதரிகளே, ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறேன், சொல்வேன். ஆனால் நடந்ததைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு வராது. கூடை தூக்கி மீன் விற்கிறவள் நான். நான் சொல்லச் சொல்ல என் மகள் சுகந்தி எழுதுகிறாள். நடுவில் ஓரிடத்தில் எழுத மாட்டேன் என்று பேனாவை வைத்துவிட்டாள். அதட்டித்தான் எழுத வைத்தேன்.

காரைக்காலுக்கு வடக்கே கடலோரம் எங்கள் ஊர். பெயர் வேண்டாம். எழுதினால் அதற்கும் ஒரு கூட்டம் போடுவார்கள். சுனாமி வந்து மூன்றாம் வருஷம். கரையை விட்டுத் தள்ளிக் கட்டிக் கொடுத்த காலனி வீட்டில் அப்போதுதான் கொஞ்சம் மூச்சு விட ஆரம்பித்திருந்தோம். வீட்டுக்காரர் கடலுக்குப் போவார். நான் நெடுங்காட்டுப் பக்கம் தெருத் தெருவாக விற்பேன். சுகந்தி எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது. வாய் ஓயாத பிள்ளை. தூக்கத்திலும் பேசுவாள்.

அந்த ஐப்பசியில், போடக்கூடாத வலையை யாரோ போட்டார்கள் என்று மீன்துறை ஆபீஸ்காரர்கள் விசாரிக்க வந்தார்கள். ஊரே வாயை மூடிக்கொண்டு நின்றது. என் வீட்டுக்காரர் மட்டும் கண்ணால் பார்த்ததைச் சொன்னார். அந்த வலை எங்கள் ஊர்த் தலைவரின் தம்பி மகனுடையது. அரிச்சந்திரனுக்கு அடுத்த வீட்டுக்காரர் என்று நினைப்பு இவருக்கு. அன்று சாயங்காலமே கூட்டம் போட்டு எங்களை ஒதுக்கி வைத்தார்கள்.

ஊர்க்கட்டு என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. அடிக்க மாட்டார்கள், திட்ட மாட்டார்கள். யாரும் எங்களோடு பேசக்கூடாது. கையால் எதையும் எங்களுக்குக் கொடுக்கக்கூடாது, எங்கள் கையிலிருந்து வாங்கக்கூடாது. மீறினால் மீறிய வீட்டுக்கும் அதே கட்டு. கோயிலில் எங்கள் தேங்காயை உடைக்க மாட்டார்கள். படகைத் தள்ள ஒரு கை வராது. பக்கத்துக் கடற்கரை ஊர்களுக்கும் சொல்லி அனுப்பிவிட்டதால் என் கூடப்பிறந்தவர்கள் வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மனு கொடுக்கலாமே என்பீர்கள். அதிகாரியிடம் வாயைத் திறந்ததால்தானே இத்தனை வினையும்.

பெரியவர்கள் நாங்கள் தாங்கினோம். பிள்ளையையும் சேர்த்து ஒதுக்கினார்கள் பாருங்கள், அதை எந்தக் கணக்கில் வைப்பது? சுகந்தி பெஞ்சில் உட்கார்ந்தால் மற்றப் பிள்ளைகள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள். டீச்சர் வெளியூர். அவர் அதட்டினால் திரும்ப வந்து உட்காருவார்கள், முதுகைக் காட்டிக்கொண்டு. வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்களே, பிள்ளைகள் என்ன செய்யும்? அப்படித்தான் டீச்சரும் என்னிடம் சொன்னார். எனக்கு மனசு ஆறவில்லை. பால்வாடியிலிருந்து ஒன்றாக ஒரே தட்டில் தின்ற பிள்ளைகள்.

சுகந்தி முதலில் அழுதாள். பிறகு அழவில்லை. பிறகு பேசவும் இல்லை. தை பிறந்ததும் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று மூலையில் உட்கார்ந்துவிட்டாள். டவுன் பள்ளிக்கூடத்தில் கேட்டேன், வருஷ நடுவில் சேர்க்க முடியாது, ஜூனில் வாருங்கள் என்றார்கள். ஜூன் வந்தாலும் அங்கே போகிற பஸ்ஸில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தானே இருப்பார்கள். வழியெல்லாம் அதே முதுகுகள்.

அந்த நாளில்தான், என்னிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் நெடுங்காட்டு அம்மா ஒரு விளம்பரச் சீட்டைக் காட்டினார். ஆன்லைன் ஸ்கூலாம். ஆறாவதிலிருந்து எட்டாவது வரை. வீட்டிலேயே கம்ப்யூட்டரில் பாடம். காரைக்காலில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் அதற்கு ஆபீஸ். சுகந்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அப்போது யாராவது நாற்காலி போட்டாலே எனக்குக் கண் கலங்கும்.

“டீச்சர் எங்க சார் இருக்காங்க?” என்று கேட்டேன்.

“மெட்ராஸ்லம்மா.”

“புள்ள தூங்கிட்டா அவங்களுக்கு எப்புடித் தெரியும்?”

“நடுநடுவுல கேள்வி கேப்பாங்கம்மா.”

“கரண்டு போயிட்டா?”

சிரித்தார். “கரண்டு வந்ததும் விட்ட எடத்துலேருந்து படிச்சுக்கலாம்.”

“நாளைக்கு வேற பள்ளிக்கூடம் போனா, இங்க படிச்ச சர்ட்டிபிகேட்ட எடுத்துக்குவாங்களா?”

அங்கேதான் இழுத்தார். “அதெல்லாம் பாத்துக்கலாம்மா” என்றார். பார்த்துக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று மீன் விற்கிறவளுக்குத் தெரியாதா? மீனுக்குக் காசு நாளைக்குத் தருகிறேன் என்பவர்களும் அதைத்தான் சொல்வார்கள்.

எழுந்து வந்திருப்பேன். அதற்குள் சுகந்தியைக் கம்ப்யூட்டர் பெட்டிக்கு முன்னால், மாதிரி வகுப்பு என்று உட்கார வைத்துவிட்டார். பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் எனக்கும் கேட்டது.

“சுகந்தி, இருக்கியாம்மா? சுகந்தி, நீ சொல்லு பாப்போம்.”

“இருக்கேன் டீச்சர்” என்றாள் என் மகள்.

என்ன கேள்வி, என்ன பதில், எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு வெளியே ஒருவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. அந்தப் பெயரைக் கேட்டதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாளே, அது எனக்குப் போதும். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதேன். சர்ட்டிபிகேட்டாவது, மண்ணாவது.

வீட்டுக்கு வந்தால் அதற்கும் முட்டுக்கட்டை. பாடம் வருவதற்கான டெலிபோன் கம்பி பக்கத்து வீட்டு மாடியைத் தாண்டித்தான் வர வேண்டும். அவர்கள் எங்களிடம் பேசக்கூடாதே, அதனால் காற்றைப் பார்த்துச் சொன்னார்கள்: “எங்க மாடி மேல ஒரு கம்பியும் போவக் கூடாது.” டவுன் ஆபீஸிலேயே உட்கார்ந்து படிக்கலாம், பகலில் பஸ்ஸும் காலியாக இருக்கும் என்று நான் சொன்னேன். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.

“பொட்டிக்கு முன்னாடி கொண்டுபோயி ஒக்கார வச்சா, ஒதுங்கிட்டோம்னு நாமளே ஊருக்கு எழுதிக் குடுத்த மாதிரி” என்றார்.

“ஒங்க நாயத்துக்கு எம் புள்ள ஊமையாவணுமா?” என்றேன்.

அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். சுகந்தியைக் கேட்டால், “ஒங்களுக்குத் தோணுறத செய்ங்கம்மா” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

என்னால் முடிவு செய்ய முடியவில்லை. பள்ளிக்கூடத்துக்கே அனுப்பினால் பிள்ளை செத்த பிணம் மாதிரி ஆகிவிடுவாள். பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்தால் நாளைக்கு அந்தப் படிப்பு செல்லுமா, செல்லாதா? எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முடிவு தெரியாத காரியத்துக்குப் பூப் போட்டுப் பார்ப்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வாழையிலையில் கட்டி சாமி காலடியில் வைத்து, ஒன்றும் அறியாத சின்னக் குழந்தையை எடுக்கச் சொல்வோம். எடுத்தது சாமி வாக்கு.

ஆனால் கோயில் எங்களுக்கு அடைப்பு. பொட்டலம் எடுக்க எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவும் ஒரு குழந்தை வராது. பூப் போட்டுப் பார்க்கக்கூட நாதியில்லாமல் ஆக்கிவிட்டார்களே என்று அன்றைக்கு அம்பாளைக் கண்டபடி ஏசினேன். வேண்டுதல் என்று இதைச் சொல்லலாமோ என்னவோ. “நீயும் இந்தக் கரையில பொறந்தவதானே? ஒன்ன மாப்பிள்ள கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. எம் மவ எங்க போவா? அவள நாலு பேரு பேரு சொல்லிக் கூப்புடணும். அதுக்கு வழி சொல்லு. இல்லாட்டி ஒனக்கு வெளக்கு கெடையாது.” இதுதான் நான் செய்த பிரார்த்தனை.

அம்பாள் எங்கள் சனத்தில் பெண்ணாகப் பிறந்தவள் என்பது எங்கள் நம்பிக்கை. அதனால் மாசி மகத்தன்று சுவாமி மாப்பிள்ளையாக அம்பாளோடு கடற்கரைக்குத் தீர்த்தம் கொடுக்க வருவார். அன்று கரை எல்லா ஊருக்கும் பொது. யாரையும் போ என்று சொல்ல முடியாது. நான் இரண்டு பொட்டலத்தையும் மடியில் கட்டிக்கொண்டு போனேன். வெள்ளை வந்தால் கம்ப்யூட்டர் பள்ளிக்கூடம். சிவப்பு வந்தால் பழைய பள்ளிக்கூடம். மனசு எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கத்துக்குத்தான் நல்ல நிறத்தைக் கொடுத்திருந்தேன்.

பந்தலில் சுவாமியும் அம்பாளும் இருந்தார்கள். கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனேன். எங்கள் ஊர்ச் சனங்கள் தீப்பட்டது போல் விலகினார்கள். அதுவும் ஒரு வசதிதான், வழி கிடைத்தது. குருக்கள் உள்ளூர்க்காரர் இல்லை. எங்கள் கட்டு அவருக்குத் தெரியாது. பொட்டலங்களை வாங்கி அம்பாள் காலடியில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

“கொழந்தை யாராவது இருந்தா விடுங்கோ” என்றார்.

முதல் மரியாதைக்காக முன்னால் நின்றவர் எங்கள் தலைவர். அவர் தோளில் அவருடைய பேத்தி. குருக்கள் கண்ணில் பட்டது அந்தக் குழந்தைதான். “இந்தக் கொழந்தைய எறக்கி விடுங்கோ” என்று கையை நீட்டினார். தலைவர் என்னைப் பார்த்தார், குருக்களைப் பார்த்தார், அம்பாளைப் பார்த்தார். அத்தனை ஊர் சனத்துக்கு முன்னால், சாமி காரியத்துக்குப் பேத்தியைத் தர மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? இறக்கிவிட்டார்.

குழந்தை தத்தித் தத்திப் போய் ஒரு பொட்டலத்தை எடுத்தது. “அந்த மாமிகிட்ட குடும்மா” என்றார் குருக்கள். நேரே வந்து என் கையில் கொடுத்தது. சிரித்தது.

பிரித்துப் பார்த்தேன். சிவப்பு.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதே பள்ளிக்கூடம், அதே முதுகுகள். இதைச் சொல்லவா அலங்காரம் பண்ணிக்கொண்டு கடற்கரைக்கு வந்தாய் என்று பொட்டலத்தைக் கடலில் எறியப் போனேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். செண்பகம். மார்க்கெட்டில் இடத்துக்காக என்னோடு எத்தனையோ முறை மல்லுக்கு நின்றவள். எனக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது.

“ஏங்க தலைவரே, ஒங்க வூட்டுப் புள்ளயே அவ கையில எடுத்துக் குடுத்துடுச்சு. இப்ப கட்டு யாருக்குங்க?” என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கையால் கொடுத்த வீட்டுக்கும் அதே கட்டு. அவர்களே போட்ட சட்டம். பக்கத்து ஊர்க்காரர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். தலைவர் பேத்தியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

மறுநாளே கூட்டம். தன் வீட்டைத் தானே ஒதுக்கி வைக்க முடியுமா? “சாமி முன்னாடி நடந்துடுச்சு. தெய்வ சித்தம். கட்ட எடுத்தாச்சு” என்றாராம். செய்தது தப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தெய்வத்தின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு வேட்டியை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரி அன்றைக்கே குழம்பு கேட்டு வந்தாள், ஒன்றுமே நடக்காதது போல. கொடுத்தேன். உப்புப் போடாமல் கொடுத்தேன்.

சுகந்தி பள்ளிக்கூடம் போனாள். நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வந்து பையை வைத்தாள்.

“பேசுனாங்களாடி?”

“எல்லாரும் பேசுனாங்கம்மா. நான்தான் பேசல.”

இந்த வரியைத்தான் எழுத மாட்டேன் என்றாள். சகோதரிகளே, கட்டை எடுப்பதற்குத் தலைவருக்கு ஒரு சொல் போதும். என் மகளின் வாயைத் திறப்பதற்கு மழைக்காலமே வந்துவிட்டது. பெட்டிக்குள்ளிருந்து கேட்ட அந்த டீச்சரின் குரலை நினைத்து நான் ஏங்காத நாள் இல்லை. அந்தக் கம்ப்யூட்டர் பள்ளிக்கூடத்தை நான் குறை சொல்ல மாட்டேன். துக்கத்தில் இருந்த பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட இடம் அது. வெள்ளை கேட்டேனே, ஏன் சிவப்பைக் கொடுத்தாய் என்று விளக்கேற்றும்போதெல்லாம் அம்பாளிடம் சண்டை போடுவேன்.

போன வருஷம் பதில் வந்தது. வேறொரு குடும்பத்தை ஊர் ஒதுக்கி வைத்தது. காரணம் எதுவானால் என்ன, ஏதோ ஒன்று. அந்த வீட்டுப் பெண் ரேவதி ஆறாவது படிக்கிறாள். மறுநாள் காலை பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது அவளைச் சுற்றி இடம் காலியாகிவிட்டதாம். என் சுகந்தி பெரிய வகுப்பு வரிசையை விட்டு இறங்கிப்போய் அவள் பக்கத்தில் நின்று, பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கும்படி “ரேவதி, சாப்டியா?” என்று கேட்டிருக்கிறாள். டீச்சர் வந்து என்னிடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் எங்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரர் பேசுவதற்குள் நான் முந்திக்கொண்டேன். “எங்களையும் சேத்து ஒதுக்குங்க. எங்களுக்குப் பழக்கந்தான்” என்றேன். எங்களுக்குப் பின்னால் வந்து நின்றவள் யார் தெரியுமா? செண்பகம். அவளுக்குப் பின்னால் இன்னும் சில கூடைக்காரிகள். தலைவர் கூட்டத்தைத் தள்ளி வைத்தார். இன்னும் கூடவில்லை. ரேவதியின் பெஞ்சில் இப்போது உட்கார இடம் இல்லையாம், அத்தனை பிள்ளைகள்.

ஊர் எங்களிடம் பாதி பேசுகிறது, பாதி பேசவில்லை. போகட்டும். நான் மன்னிக்கவில்லை, மன்னித்ததாகப் பொய்யும் சொல்ல மாட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் அம்பாளுக்கு விளக்கு வைக்கிறேன், சிவப்பு அரளி சாத்துகிறேன். உங்கள் வீட்டிலும் பேச்சை மறந்து மூலையில் உட்கார்ந்த பிள்ளை இருந்தால் அம்பாளிடம் போய்க் கேளுங்கள். அழுது கேளுங்கள், ஏசிக் கேளுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். நீங்கள் கேட்ட நிறத்தில்தான் தருவாள் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். நாலு பேர் என் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டேன். கூப்பிடுகிற வாயை என் மகளுக்கே கொடுத்தாள்.